சேகரு எடுத்துக்கொடுத்த பந்து

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஞானசேகரனைப் போல ஊர் சுற்றிய ஆளை அந்த லயத்து வீடுகளில் காட்ட முடியாது. கண்டிக்குப் போயிருக்கிறார், மாத்தளைக்குப் போயிருக்கிறார், இரத்தினபுரி, கொழும்பு எல்லாம் போயிருக்கிறார். ஆனால் போன ஊரைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் தேறாது. கண்டியில் பெரஹரா ஊர்வலம் போகும் வீதி எது, கொழும்பில் கடல் எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. பஸ் நிலையத்தில் இறங்கி எந்த பஸ்ஸில் ஏறினால் மைதானம் வரும் என்பது மட்டும்தான் தெரியும்.

"கொழும்புக்குப் போயி கடலப் பாக்காம வந்த ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று கூட வேலை செய்யும் நிமலன் கிண்டலடிப்பான்.

"கடலு எங்கடா போயிரப் போகுது? மெட்ச் முடிஞ்சா முடிஞ்சதுதானே" என்பார் சேகர்.

அந்த மெட்ச் கிரிக்கெட் என்றால் தோட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இது பேஸ்போல். அதுவும் பெண் பிள்ளைகள் ஆடுவது. "அது என்னாய்யா ஆட்டம்?" என்று கேட்டால் சேகர் விளக்கத் தொடங்குவார். "நம்ம எல்லே மாதிரிதான். பந்த அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி ஓடி வரணும். வந்தா ஒரு ஓட்டம்." அதற்கு மேல் கேட்டால் அவருக்குத் திக்கும். நாலு வருசமாகப் பார்க்கிறார், பாதிச் சட்டம் இன்னும் விளங்கவில்லை. விளங்கி என்ன செய்ய? அவர் பார்க்கப் போவது ஆட்டத்தையல்ல, மகள் டில்ஷிகாவை.

டில்ஷிகா பதுளையில் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பாடசாலைப் புத்தாண்டு விளையாட்டில் எல்லே ஆடி, மூங்கில் கம்பால் பந்தைக் கூரைக்கு மேலே அனுப்பினாள். அதைப் பார்த்த ஜெயலெட்சுமி டீச்சர் அன்றைக்கே அவளைப் பிடித்துப் பேஸ்போல் அணியில் போட்டார். அதே வருசம்தான் அவள் அம்மா ஜீவராணி வீட்டு வேலைக்குக் குவைத் போனது. போகும்போது விமான நிலையத்தில் அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு புருசனிடம் ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"பிள்ள எங்க ஆடுனாலும் நீங்க போயிப் பாக்கணும். எனக்குப் பதிலா. ஒண்ணு விடக் கூடாது."

ஒன்று விடவில்லை மனிதர். இரவு வேலையை முடித்து, முகத்தில் தேயிலைத் தூளோடு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். லீவு கேட்டால் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா முகத்தைச் சுளிப்பார்; அதனால் நிமலனோடு வேலையை மாற்றிக்கொள்வார். நிமலனும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதிப்பான். அணியோடு போகும் வாடகை பஸ்ஸில் பிள்ளைகளுக்கே இடம் போதாது என்பதால் சேகர் தனியாக, பஸ் மாறி மாறித்தான் போவார். மைதானத்துக்குப் போனதும் போனை எடுத்துக் குவைத்துக்கு வீடியோ கோல் போடுவார். அங்கே ஜீவராணி அரிசி வாளியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டுக்கார மெடத்துக்குக் கேட்காமல் சத்தத்தைக் குறைத்து, வெங்காயம் உரித்தபடி பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்தது பாதி ஆட்டம், பாதி சேகரின் பெருவிரல்.

"விரல எடுங்க! பிள்ளையத் தெரியல!"

"எடுத்துட்டேன் ஜீவா. இப்ப தெரியுதா?"

"இப்ப வானந்தான் தெரியுது."

இப்படித்தான் புருசனும் பெண்சாதியும் நாலு வருசமாக மகளை வளர்த்தார்கள் என்று சொன்னால் அது பெரிய பொய்யில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பது இருக்கிறதே, அது லேசான வேலையில்லை. தொழிற்சாலையில் எந்திரம் நின்றால் சேகருக்கு என்ன செய்ய வேண்டுமென்று தெரியும். வீட்டில் கூரை ஒழுகினால் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். மைதானத்தில் மகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அவரால் ஒரு மண்ணும் செய்ய முடியாது. பந்து வரும், அவள் வீசுவாள், படாது. மறுபடி வரும், மறுபடி படாது. அவளுக்குப் பின்னால் கட்டியிருக்கும் வலையைப் பிடித்துக்கொண்டு சேகர் நிற்பார். கத்துவார். கண்டி மெட்சில் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, திரும்பி வரும் வழியில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் கையால் காட்டினார்.

அந்தக் கண்டி மெட்சுக்குப் பிறகுதான் டில்ஷிகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வலைக்குப் பின்னால நின்னு கத்துனா எனக்கு கை நடுங்குது. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மனசுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தியது, அவ்வளவுதான். சரி, பிள்ளைக்கு நல்லது என்றால் தள்ளித்தான் நிற்போமே.

அடுத்த மெட்ச் குருநாகலில். அதுவும் சாதாரண மெட்ச் இல்லை, அகில இலங்கை அரையிறுதி. ஊவா மாகாணத்திலிருந்து ஒரு தமிழ்ப் பாடசாலை அந்த இடத்துக்கு வந்ததே டீச்சருக்குப் பாதித் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. மீதித் தூக்கத்தைக் கெடுத்தது வேறு செய்தி. இறுதிப் போட்டிக்குப் போகும் இரண்டு அணிகளிலிருந்து மட்டும்தான் இந்த முறை தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளை எடுக்கப் போகிறார்கள். டில்ஷிகாவுக்கு இது கடைசி வருசம். அடுத்த வருசம் வயது தாண்டிவிடும், பாடசாலையும் முடிந்துவிடும். அப்புறம் என்ன? பண்டாரவளையில் ஏதாவது துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் அம்மா போன வழி. அந்த இரண்டாவது வழியை நினைத்தாலே சேகருக்குச் சோறு இறங்காது. இந்த ஒரு மெட்சை வென்றால் பிள்ளைக்கு வேறு ஒரு வழி திறக்கும்.

அன்று பஸ் வழியில் பழுதாகி நின்று, சேகர் மைதானத்துக்குப் பிந்தித்தான் வந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சொன்ன சட்டங்களை அவர் கேட்கவில்லை. அது ஏதோ ஒரு பாடசாலையின் மைதானம். பின்பக்கம் வேலி கிடையாது, சுண்ணாம்பால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி வலைப் பக்கமே போகாமல், தூரத்தில் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு மாமரத்தடியில் போய் நின்றார். ஜீவராணி அனுப்பியிருந்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தார். நாலு மைல் தள்ளி நின்றாலும் ஆளை மறைக்க முடியாத மஞ்சள் அது என்று நிமலன் சிரித்திருந்தான்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிக் கட்டம் வந்தபோது பதுளைப் பிள்ளைகள் ஒரு ஓட்டம் பின்னால் நின்றார்கள். இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னும் ஒருத்தி போனால் கதை முடிந்தது. முதல் மூலையில் ரிஸ்கா ஓடத் தயாராக நிற்கிறாள். மட்டையோடு வந்தது டில்ஷிகா.

"ஜீவா, பாப்பா வந்துட்டா" என்றார் சேகர்.

"பேசாதீங்க. போன ஆட்டாம புடிங்க."

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முதல் பந்து தப்பியது. இரண்டாவது பந்தும் தப்பியது. மூன்றாவது பந்தை அவள் அடித்த சத்தம் மாமரம் வரைக்கும் கேட்டது. ஐயோ, என்ன அடி! பந்து எல்லார் தலைக்கும் மேலே வந்து, பிடிக்க நின்ற பிள்ளையைத் தாண்டி விழுந்து, சேகர் நின்ற பக்கமாகவே உருண்டு வந்தது. அங்கே ரிஸ்கா ஓடுகிறாள், பின்னால் டில்ஷிகா பறக்கிறாள். ஒரு மூலை, இரண்டு மூலை. இரண்டு பேரும் வந்து சேர்ந்தால் வெற்றி.

இந்த இடத்தில் தோட்டத்துக் கிரவுண்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்த மனிதரை நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். மலையை வெட்டிச் சமமாக்கிய கிரவுண்டு அது. ஒரு பக்கம் கோயில், மூன்று பக்கமும் சரிவில் தேயிலை. அங்கே கிரிக்கெட் ஆடினால் பந்து கோட்டைத் தொட்ட நொடியில் நாலு ஓட்டம் எழுதியாயிற்று; பந்து தேயிலைக்குள் இறங்கித் தொலைந்தால் அன்றைய ஆட்டமே முடிந்தது. அதனால் பார்க்க வந்தவன் சும்மா பார்க்கக் கூடாது. பந்து யார் பக்கம் வருகிறதோ அவன் பாய்ந்து மறித்து எடுத்து எறிய வேண்டும். எறியாமல் நின்றால் "என்னாய்யா, சாமி மாதிரி நிக்கிற?" என்று ஏச்சு விழும். சேகர் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைச் செய்திருக்கிறார். அது அவர் கைக்கு யோசித்துச் செய்யும் காரியமே இல்லை.

பந்து ஈரப் புல்லில் வேகம் குறைந்து கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தொட்டுவிட்டது, நாலு எழுதியாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று அவர் உடம்பு முடிவு கட்டியது. துரத்தி வரும் எதிரணிப் பிள்ளை மூச்சு வாங்கி ஓடி வருகிறாள், பாவம். இடது கையில் போனைப் பிடித்தபடியே குனிந்து, வலது கையால் பந்தை எடுத்து, அவளுடைய கைக்கே போய்ச் சேரும்படி அழகாக எறிந்தார்.

அந்தப் பிள்ளை பந்தைப் பிடித்தாள். பிடித்தவள் எறியவில்லை. நின்ற இடத்தில் நின்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள். தனக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, சேகரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

அங்கே டில்ஷிகா வந்து சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள், ஜெயலெட்சுமி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறார். சேகருக்குக் கண் நிறைந்துவிட்டது. போனைப் பார்த்தார், குனிந்த வேகத்தில் எங்கேயோ விரல் பட்டுக் கோல் அறுந்து போயிருந்தது.

பிறகுதான் நடுவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தார். இன்னொரு நடுவர் மாமரத்தைக் காட்டிப் பேசினார். குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். டீச்சர் தலையில் கை வைத்தார். பார்க்க வந்த ஒரு ஐயா சேகரிடம் அரைகுறைத் தமிழில் சொன்னார். "கோட்டுக்கு உள்ளுக்கு பந்து இருக்கிற நேரம் நீங்க தொட்டது. வெளி ஆள் தொட்டா ஓடுற ஆளுக்கு ரெண்டு மூலை மட்டுந்தான். காலையில சொன்னாங்கதானே?"

சேகருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கால் தரையில் இல்லை. மைதானத்துக்குள் ஓடினார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. நடுவர் சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் நின்றான். "மஹத்தயா, தப்பு என்னுதுங்க. நான்தானுங்க தொட்டேன். என்னைய வெளிய அனுப்புங்க. வேணும்னா போலீசுல குடுங்க. பிள்ளைய திருப்பி அனுப்பாதீங்க, மஹத்தயா" என்று தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து கெஞ்சினார். கும்பிட்டார். நாலு ஊர் ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம் அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

"அங்கிள், சட்டம் அது. நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றான் நடுவர். அவன் முகமும் வாடித்தான் இருந்தது.

ரிஸ்கா மூன்றாவது மூலைக்குப் போனாள். டில்ஷிகா இரண்டாவது மூலைக்குத் திரும்பி நடந்தாள். ஓடி வந்த தூரத்தைத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தாள். போய் நின்று, நிமிர்ந்து, மஞ்சள் சட்டையை ஒரு தடவை பார்த்தாள். சேகர் செத்துப் போயிருக்கலாம் என்று நினைத்தார், சத்தியமாக நினைத்தார்.

அடுத்து மட்டை பிடிக்க வேறொரு பிள்ளை வந்தாள். மூன்று பந்தும் தப்பியது. ஒரு ஓட்டத்தால் தோற்றார்கள்.

டீச்சர் அவரை ஏசவில்லை. "என்ன சேகரண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று ஒரு தரம் சொன்னார், அவ்வளவுதான். "தனியா போக வேணாம், எங்களோட பஸ்ஸிலயே வாங்க" என்றும் சொன்னார். சேகருக்கு அந்தப் பிள்ளைகளோடு ஏறுவதைவிடக் குருநாகலிலிருந்து நடந்தே வரலாம் போலிருந்தது. ஆனாலும் ஏறினார். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் சூட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார். பின்னால் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. யாராவது ஒருத்தி வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒருத்தியும் திட்டவில்லை. "அங்கிள், பிஸ்கட் சாப்பிடுறீங்களா?" என்று ரிஸ்கா நீட்டினாள். அதை வாங்கக் கை வரவில்லை அவருக்கு.

மஹியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சேகர் கடை ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபோது டில்ஷிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது போன் அடித்தது. ஜீவராணி. சேகர் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டில்ஷிகா அதை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"என்னாடி ஆச்சு? எத்தன தரம் எடுத்தேன்! நீ அடிச்சது தெரிஞ்சிச்சு, ஓடுனது தெரிஞ்சிச்சு, அப்புறம் புல்லுதான் தெரிஞ்சிச்சு. கட்டாயிருச்சு. ஜெயிச்சாச்சுதானே?" ஜீவராணியின் முகமெல்லாம் சிரிப்பு.

"இல்லம்மா. தோத்துட்டோம்."

"எப்புடிடி? ஓடுனியே!"

"ரெண்டாவது மூலைய மிதிக்காம ஓடிட்டேம்மா. திரும்பிப் போகச் சொல்லிட்டாங்க."

சேகர் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

ஜீவராணி வெடித்தாள். "கண்ண எங்கடி வச்சிக்கிட்டு ஓடுன? கீழ பாத்து மிதிக்கத் தெரியாதா? ஒங்கப்பா ராவெல்லாம் முழிச்சிட்டு கண்ட கண்ட ஊருக்கெல்லாம் ஒன் பின்னால ஓடி வாறாரே, அந்த மனுசனுக்காகச் சரி பாத்து ஓடியிருக்கக் கூடாதா? நான் இங்க..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

சேகர் போனைப் பிடுங்கினார். "ஜீவா, பிள்ள பொய் சொல்லுது. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான். பந்து என்கிட்ட வந்திச்சு, நம்ம கிரவுண்டுல எடுத்துப் போடுற மாதிரி எடுத்துப் போட்டுட்டேன். அதுனாலதான் அவள திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாம் என்னாலதான் ஜீவா."

ஜீவராணி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "சும்மா இருங்க. எப்பப் பாத்தாலும் அவ பக்கந்தான் நீங்க. சின்னதுல அவ கண்ணாடிய ஒடைச்சப்பவும் நான்தான் ஒடைச்சேன்னு வந்து நின்னீங்களே, எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா ஜீவா. அம்மன் மேல சத்தியமா நான்தான் தொட்டேன்."

"நீங்க தொட்டீங்கன்னா ஒங்களத்தானே வெளிய அனுப்பணும்? பிள்ளைய எதுக்கு அனுப்புறாங்க? எந்த ஊருல இருக்கு அப்புடி நியாயம்? போங்க, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

சேகரும் அதைத்தானே நடுவரிடம் கேட்டார். அந்தப் பக்கம் யாரோ அரபியில் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"மெடம் கூப்புடுது, வைக்கிறேன். பிள்ளைய ரொம்ப ஏசிட்டேன், சாப்பிடச் சொல்லுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க." கோல் நின்றது.

அடுத்த வருசம் என்று ஒன்று இல்லை என்பதை ஜீவராணிக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவும் மகளும் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம் பாப்பா அப்புடிச் சொன்ன?" என்றார் சேகர்.

"அம்மா அங்க ஒத்தையில கெடக்கு. என் மேல கோவப்பட்டா ரெண்டு நாள்ல மறந்துரும்" என்றாள் டில்ஷிகா. "ஒங்க மேல கோவப்பட்டா யார்கிட்டப்பா பேசும்?"

சொல்லிவிட்டு அவள் எழுந்து, யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி, பைப்பில் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். சேகர் எழுந்து பக்கத்தில் போக நினைத்தார். போய் என்ன சொல்ல? உட்கார்ந்தே இருந்தார்.

டிரைவர் ஹோர்ன் அடித்தார். பஸ்ஸில் டில்ஷிகா பின்னால் போகவில்லை. எஞ்சின் ஓரத்தில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தாள். பஸ் பதுளை மலையில் ஏறத் தொடங்கியது. சேகர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதும் கம்பியைப் பிடிக்கவில்லை.

"கைய எடுங்கப்பா, மரத்துப் போகும்" என்றாள் டில்ஷிகா.

அவர் எடுக்கவில்லை.